காற்றெடுக்கும் மலையாண்டி

முன்சக்கரத்தைக் கட்டிப்பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார் மலையாண்டி. ஒரு கை மேலே நீண்டு ஹேண்டில்பாரின் பிரேக் லீவரைப் பிடித்திருக்கிறது. மறு கை கீழே, ஸ்பேனரோடு, சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரில், காற்றை வெளியே விடும் நிப்பிளில். லீவரை அமுக்குகிறார், அமுக்கிய கையை விடாமல் நிப்பிளைக் கால்வாசி திருகித் திறக்கிறார், மூடுகிறார், அப்புறம்தான் லீவரை விடுகிறார். "புடி... தொற... மூடு... விடு" என்று தனக்குத்தானே உத்தரவும் போட்டுக்கொள்கிறார். மூடும் முன் விட்டால் போயிற்று. வெளியே போன காற்று வந்த வழியே திரும்பிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

டிஸ்க் பிரேக்கில் இழுக்கிற கம்பி கிடையாது. குழாய்க்குள் இருக்கும் எண்ணெய்தான் கையின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. அந்த எண்ணெயில் காற்று புகுந்தால் லீவர் பஞ்சாகிவிடும். நாம் அமுக்குவோம், காற்று சுருங்கிக்கொடுக்கும், சக்கரம் தன் பாட்டுக்குப் போகும். உச்சிப்புளியில், ராமேஸ்வரம் சாலையோரம், இந்தக் காற்றை எடுப்பதுதான் மலையாண்டியின் பிழைப்பு. அதிலும் பழைய வண்டிகள். உப்புக்காற்று தின்ற, உதிரிபாகம் கிடைக்காத, மற்ற மெக்கானிக்குகள் கும்பிடு போட்டு அனுப்பிவிடுகிற வண்டிகள்.

இவருடைய அய்யா முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போட்டவர். அதனால் நிப்பிளில் மாட்டிய குழாயில் வரும் குமிழிகளையும் மலையாண்டி மிளகாய் தரம் பிரிக்கிற மாதிரிதான் பிரிப்பார். கொத்தமல்லி அளவு குமிழி வந்தால் சந்தோஷம். பெரிய திருடன் மாட்டிக்கொண்டான். கடுகு அளவு வந்தால் பொறுமை வேண்டும். மிளகாய் விதை மாதிரி ஒன்றிரண்டு மட்டும் வந்தால் முகம் சுருங்கிவிடும். "இது ஒளிஞ்சுகிட்ட காத்து. வளைவுல உக்காந்து நம்மளயே பாத்துக்கிட்டு இருக்கும்" என்பார். மருந்துக்கடையில் வாங்கிய டிரிப்ஸ் குழாய், அதன் நுனி முங்கியிருக்கும் தேன் பாட்டில், அன்றைக்கே உடைத்த பிரேக் ஆயில் டப்பா: தளவாடம் அவ்வளவுதான். நேற்று திறந்த ஆயிலைத் தொடமாட்டார். கடற்காற்றின் ஈரத்தை அது குடித்துவிடுமாம். ஒரு சொட்டு பெட்ரோல் டேங்கில் பட்டாலும் பெயிண்ட் உரிந்து வரும் என்பதால் டேங்குக்கு மனைவி ஈஸ்வரியின் சேலையைப் போர்த்துவார். பழைய சேலைதான் என்று இவர் சொல்கிறார். ஈஸ்வரி அப்படிச் சொல்லவில்லை.

ஒருமுறை மண்டபத்துக்காரர் ஒருவரின் வேனிலிருந்து இவர் எடுத்த காற்றைப் பலூனில் அடைத்துத் திருவிழாவில் விற்றார்கள் என்றும், பதினேழு பலூன் தேறியது என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான். ஆனால் மலையாண்டியே அதை மறுக்கவில்லை. பதினேழு இல்லை, பதினாலு என்றுதான் திருத்தினார்.

இரண்டு பேர் செய்கிற வேலையை ஏன் ஒருவராகவே செய்கிறீர்கள் என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருக்கிறார். "ஒரு ஆளு புடிச்சு ஒரு ஆளு தொறந்தா நடுவுல பேச்சு வந்துரும். பேச்சு வந்தா காத்தும் வந்துரும்." முப்பது வருடமாக இவரை ஊர் நம்பியது இந்தப் பேச்சுக்காக அல்ல, விரலுக்காக. கடைசியில் இரண்டு விரலை மட்டும் லீவரில் வைத்து, கண்ணை மூடி, ஒரே ஒருமுறை மெதுவாக அமுக்குவார். உள்ளே ஒரு மிளகாய் விதை மிச்சம் இருந்தாலும் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்துகொண்டிருந்தது. போன வருடம் சர்க்கரை வியாதி கையில் இறங்கியது. ராமநாதபுரத்தில் டாக்டர் விரல் நுனியில் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டபோது, "எப்ப குத்துவீங்க?" என்று இவர் திருப்பிக் கேட்டாராம். ஈஸ்வரி இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள் என்று அவள் எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். சொல்வதும் கடையைப் பூட்டுவதும் ஒன்றுதான் என்று சொல்லி அவர் அவள் வாயை அடைத்துவிட்டார்.

ஆகவே, ஒரு வருடமாக மலையாண்டிக்குப் புதிதாக ஒரு பழக்கம். வேலை முடிந்ததும் அந்த இரண்டு விரலையும் முன்போலவே லீவரில் வைக்கிறார், கண்ணை மூடுகிறார். அப்புறம் ரொம்பப் பெருந்தன்மையாக, "நீங்களும் ஒருக்கா புடிச்சுப் பாருங்க" என்கிறார். அவர்கள் பிடிக்கும்போது இவர் அவர்களுடைய முகத்தைப் படிக்கிறார். இது வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

போன செவ்வாய்க்கிழமை கீழக்கரை இர்பானின் வண்டி முடிந்தது. துபாயில் வேலை பார்ப்பவர், வெள்ளிக்கிழமை விமானம். வண்டி அவருடைய வாப்பா எழுபத்தெட்டாம் வருடம் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த இரட்டை சிலிண்டர் ஜப்பான் வண்டி. பதினைந்து வருடம் கோழி அடைந்துகிடந்த அதைக் குட்டியானை வேனில் ஏற்றி வந்து இறக்கியிருந்தார். துரு தின்ற காலிப்பரை மலையாண்டி ஒன்பது நாள் தேய்த்தார், ரப்பர்களை மாற்றினார், காற்றெடுத்தார். அன்றைக்குக் கடை பெஞ்சில் மின்வாரிய ராம்குமாரும் உட்கார்ந்திருந்தார். அவர் வண்டியின் டிஸ்க்கும் போன மாதம் இங்கேதான் பார்த்தது. இந்தமுறை செயினைப் பார்க்க வந்திருந்தார்.

மலையாண்டி கண்ணை மூடினார், திறந்தார், இர்பானைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். இர்பானுக்கு அவசரம். படபடவென்று ஏழெட்டு முறை அமுக்கிவிட்டு, கல்லு மாதிரி இருக்கிறது என்று சொன்னார். முகமும் அதையேதான் சொன்னது. மலையாண்டி வண்டியை எடுத்துக்கொண்டு ரயில்வே கேட் வரை போய் வந்தார். ஓட்டும்போது லீவரைத் தட்டிக்கொண்டே போவது அவர் வழக்கம். பிரேக் பிடித்த இடத்தில் வண்டி நின்றது. எல்லாம் சரி.

திரும்பி வந்து, சைலன்சர் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து நிப்பிள் மூடியைப் போட்டார். கறி தீய்ந்த வாடை வந்தது. இர்பான்தான் முதலில் பார்த்தார். மலையாண்டியின் புறங்கை சைலன்சர் குழாயில் ஒட்டியிருந்தது. அவர் அதைத் தூக்கி, யாரோ கடையில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது போலப் பார்த்தார். மெக்கானிக் கைக்குச் சூடு ஏது என்று சிரித்தார். இர்பானும் சிரித்தார். ஈஸ்வரி தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினாள்.

சாவி கை மாறியது. இர்பான் ஏறி உட்கார்ந்து கிக்கரை உதைத்தார். வண்டி முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது.

"நாளைக்குக் காலைல வாப்பாவப் பின்னாடி உக்கார வச்சுப் பாம்பன் பாலம் வழியா தனுஷ்கோடி போறோம்ணே. அவுக ஆசை. எம்பது வயசாச்சு, இன்ஷா அல்லாஹ் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்துருவேன்."

மலையாண்டி தலையாட்டினார். ஆட்டிய தலை பாதியில் நின்றது. வண்டிக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டார்.

"எறங்குங்க தம்பி."

"என்னண்ணே?"

"எறங்குங்க. எஞ்சின அமத்துங்க. லீவரத் தொடாம செத்த நேரம் சும்மா நில்லுங்க."

இர்பானுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் இறங்கி நின்றார். சாலையில் ராமேஸ்வரம் பஸ் ஒன்று போனது, இன்னொன்று போனது. ஈஸ்வரி தண்ணீர்ச் செம்போடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இப்ப ஒரே ஒரு தடவ புடிங்க. மெதுவா."

இர்பான் பிடித்தார். லீவர் தடையே இல்லாமல் போய் ஹேண்டில் பிடியைத் தொட்டது. பலமுறை வேகமாகத் தட்டினால் காற்றுள்ள லீவரும் கல்லாகத்தான் இருக்கும். சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடி பஞ்சு. இது மலையாண்டி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம்.

"அண்ணே, நீங்களும் புடிச்சுப் பாத்தீங்கல்ல?" இர்பான் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மலையாண்டி சாவியை உருவி எடுத்தார்.

"பாத்தேன் தம்பி. எனக்குத் தெரியல. ஒரு வருசமாவே விரலுக்குத் தெரியல."

பெஞ்சிலிருந்து ராம்குமார் எழுந்தார். யாரையும் பார்க்காமல் புளியமரத்தடியில் நின்ற தன் வண்டியிடம் போனார். அதன் லீவரில் கையை வைத்து, ஒரே ஒரு தடவை, மெதுவாக அமுக்கினார்.

மலையாண்டி அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெந்துபோன கையையும் மற்ற கையையும் சேர்த்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலைகுனிந்து நின்றார்.