கருப்பசாமி வளைவில் இரண்டு மெசின்கள்

போடிமெட்டு ஏறும் ஜீப் கருப்பசாமி கோயில் வளைவில் வேகம் குறைக்கும், நிற்காது. உள்ளே இருப்பவர்கள் ஓடுகிற ஜீப்பிலிருந்தே கோயிலைப் பார்த்து ஒரு காசை வீசிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கல்யாணமான புதிதில் என் மனைவி அங்கே அவசரமாகப் பர்ஸைத் துழாவி, அவள் அப்பா கொடுத்திருந்த ராஜா தலை வெள்ளி ரூபாயை வீசிவிட்டாள். அது கோயிலையும் தாண்டிப் பள்ளத்து ஏலத்தோட்டத்தில் போய் விழுந்தது.

அவள் அப்பா இப்போது இல்லை. அவர் கையால் கொடுத்தது அது ஒன்றுதான் என்று இன்னமும் கலங்குவாள். நானோ இருபது வருஷமாக, "எந்தக் காசுன்னு பார்க்காம வீசுறதுக்கும் ஒரு தனித் திறமை வேணும்" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தவன். அந்தப் பாவத்தைக் கழுவத்தான் போன வருஷம் பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கினேன். இரண்டு திருகு, ஒரு முள், ஒரு ஹெட்போன். அவ்வளவுதான்.

மனைவியின் தம்பி அதைப் பார்த்துச் சிரித்தான். அவனுடையது டிஜிட்டல். மண்ணுக்குள் கிடப்பது இரும்பா வெள்ளியா என்று திரையில் எண் போட்டுக் காட்டுமாம்.

"மச்சான், ஒங்க மெசினு கத்தும். என்னோடது பேசும்."

"பேசுறவன் எல்லாம் உண்மையா பேசுறான், மாப்ளே?"

தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மூவரும் பள்ளத்தில் இறங்கினோம். என் மெசின் செம்மண்ணைக் கண்டதுமே முனகியது. திருகைத் திருகித் திருகித்தான் அடக்கினேன். அவனுடையது தானாகவே மண்ணுக்குப் பழகிக்கொண்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் குளிர்பான டின்னின் மூடிக்கும் காசுக்கும் அது ஒரே எண்ணைக் காட்டியதால் அவன் வீணாக நாலு குழி வெட்டினான். அதில் என் வயிறு ஆறியது. யார் யாரோ வீசிய சில்லறையும் கிடைத்தது. அதையெல்லாம் உண்டியலில் போட்டோம்.

திடீரென்று அவன் கத்தினான். "வெள்ளி, மச்சான்!" என் மெசினும் அதே இடத்தில் நீளமாகக் கூவியது. முதல் தடவையாக இருவரும் ஒத்துப்போனோம். மனைவியைத் தள்ளி நிற்கச் சொல்லித் தோண்டினோம். ஒன்றுமில்லை. வெள்ளி இப்போது அவள் நின்ற புது இடத்தில் இருந்தது. அங்கேயும் தோண்டினோம். மூன்றாவது குழியில் அவள் பொறுமை போய்விட்டது.

"ரெண்டு பேரும் என் மெட்டியத் தோண்டி எடுக்கப் போறீங்களா?"

அந்தக் கூத்தில் ஒரு லாபம், வெள்ளியின் குரல் என் காதில் ஏறிவிட்டது. மதியம் ஓர் ஏலச்செடித் தூரில் அதே குரல். பக்கத்தில் கிடந்த சோடா மூடியால் குழம்பி, அவன் திரை இரும்பு என்றது. நான் கையாலேயே தோண்டினேன். ராஜா தலை! மனைவி அதை முந்தானையில் துடைத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

"எங்கிட்ட இருந்தா மறுபடி எறிஞ்சாலும் எறிஞ்சிருவேன். நீங்களே வச்சிருங்க" என்று என் சட்டைப்பையில் போட்டாள்.

மேலே போய் டீ குடித்துவிட்டு ஜீப்பில் ஏறி மலை இறங்கினோம். பழைய மெசினின் பெருமையை மச்சினனுக்கு நான் வழிநெடுகப் பாடிக்கொண்டே வந்தேன். வளைவில் ஜீப் வேகம் குறைத்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் கையும் பழக்கத்தில் பைக்குள் போய் வந்தது. இந்தத் தடவை குறி தப்பவில்லை. கோயில் கல்லில் ணங்கென்று விழுந்த குரலை நான் கேட்டேன். அது வெள்ளி.

கன்னத்துக்குப் போன கை அங்கேயே நின்றுவிட்டது. சாமியிடம் போய்ச் சேர்ந்த காசை இனி எந்த மெசினாலும் மீட்க முடியாது. பயந்துகொண்டே மனைவியைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் காசுன்னு பார்க்காம வீசுறதுக்கும் ஒரு தனித் திறமை வேணும், இல்லடா தம்பி?"