ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

பி.ஏ. வரலாறு படித்த நான், கைக்கு வரவிருந்த வேலையை நானே கெடுத்துக்கொண்டேன். அதுவும் ஆராய்ச்சி செய்து.

எழுபதுகளின் நடுவில் சர்க்கார் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்தேன். வயது வரம்பின்படி அதுவே எனக்குக் கடைசி வாய்ப்பு. "உனக்கு வேலை வந்துட்டா நான் வலைய எடுத்துனு ஏரில எறங்க மாட்டேன்டா" என்று நைனா சொல்லியிருந்தார். அவருக்கு அப்போதே கண் மங்கல்.

பிறந்த தேதி கேட்ட இடத்தில் பேனா நின்றது. எங்கள் ஊர் தோணிரேவில் என்னோடு படித்த எல்லாருமே ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்; பள்ளியில் சேர்த்த வாத்தியார் அப்படி எழுதிவிட்டார். வரலாறு படித்தவன் பொய்த் தேதி எழுதலாமா?

"நைனா, நான் பொறந்தது என்னிக்கி?"

"தேதி இன்னா கண்டேன்? மாசில நம்ம மொத பாடு அன்னிக்கி. வலையப் போட்டுட்டு வந்தா நீ கத்தினுகீற."

ஏரியில் வலை போட ஒவ்வொரு வீட்டுக்கும் வரும் முறைநாள்தான் பாடு. ஊரின் பழைய பாடு நோட்டைப் புரட்டி, பிப்ரவரி பதினேழு என்று கண்டுபிடித்துப் பெருமையாக எழுதினேன்.

சான்றிதழோடு தேதி ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அடுத்த ஆண்டு வயது தாண்டிவிட்டது. நைனா இன்னும் ஆறு வருடம் தடவித் தடவி வலை இழுத்தார். பிறகு போய்ச் சேர்ந்தார்.

இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன். சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள பொய்யை எழுத்துப் பிசகாமல் எழுதச் சொல்கிறேன்.

ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா இதைக் கேட்டுவிட்டாள்.

"அந்த வாத்தியார் மின்னாடியே சொல்லியிருந்தா, நான் ஜூன் ஒண்ணாந் தேதியே பெத்திருப்பேன். உங்க நைனாவாவது கரையில குந்தினு இருந்திருப்பாரு."