பினாங்கு போய் வந்த ரீல்

என் தங்கையின் குரல் ஒரே ஒரு முறைதான் பதிவானது. எழுபதுகளின் தொடக்கம். ஒக்கூரில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அவள் கணவர் பினாங்கில் ஒரு செட்டியாரின் கடையில் வேலையாக இருந்தார். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் ரீல் சுற்றும் டேப்ரிக்கார்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வீட்டார் எல்லாரும் அதில் பேசி, ரீலைப் பினாங்குக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. நான் அப்போது காரைக்குடியில் ஒரு நாளிதழின் நிருபர். பதிவின்போது நான் அங்கே இல்லை. இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் பின்னால் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

வயது வரிசைப்படி பேசினார்கள். மாமனாருக்குக் காது மந்தம். அதோடு பினாங்கு ரொம்ப தூரம் என்ற எண்ணம் வேறு. கண்மாயின் அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுவதுபோலக் கத்தினார். இயந்திரத்தில் சத்தத்தின் அளவைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. சொந்தக்காரர் பயந்துபோய்க் குமிழைத் திருகிப் பதிவின் அளவைக் குறைத்தார். அதன்பிறகு அந்தக் குமிழை அவர் தொடவில்லை. அடுத்து மாமியார், சின்ன மாமனார், மூத்த மருமகள். கடைசியில் என் தங்கை.

மாமனார் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் மருமகள் உட்காருவதில்லை. குரலை உயர்த்துவதும் இல்லை. மைக் அவர் முன்னால் மேசைமேல் இருந்தது. அவள் உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே பேசினாள். மைக்கை அவள் பக்கம் நகர்த்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அது மாமனாரின் மேசை.

பினாங்கில் அவள் கணவர் கேட்டது ஒரு முனகலைத்தான். என்ன சொன்னாள் என்று கேட்டு எழுதினார். 'இங்கு அனைவரும் சௌக்கியம்' என்று பதில் போயிற்று. அடுத்த தை பிறப்பதற்குள் அவள் இறந்துபோனாள். காசநோய். அதற்கு மருந்து இருந்த காலம்தான். மதுரைக்குக் கொண்டுபோனபோது நுரையீரலில் மருந்து பிடிக்க இடமில்லை என்றார்கள்.

தகவல் அவருக்குத் தாமதமாகப் போயிற்று. லீவு கிடைத்து அவர் ஊருக்கு வந்தபோது சித்திரை முடிந்துவிட்டது. ஒக்கூருக்குப் போகுமுன் காரைக்குடியில் என் வீட்டுக்குத்தான் வந்தார். பெட்டியைத் திறந்து, சட்டைகளுக்கு நடுவே வைத்திருந்த ரீலை எடுத்தார்.

"மச்சான், அவ இதுல என்னமோ சொல்லியிருக்கா. முடியலை, வாங்கன்னு சொல்லியிருந்தான்னா? அது கேக்காமத்தான நான் அங்குட்டே இருந்துட்டேன்? எனக்கு அது தெரியணும்."

எனக்கும் தெரியவேண்டியிருந்தது. மறுநாள் பகலில் அவரைப் பேருந்து நிலையத்துக்கு அருகில் இருந்த மைக் செட் கடைக்கு அழைத்துப்போனேன். கூட்டங்களுக்குச் செய்தி எடுக்கப் போகும் இடத்தில் கடைக்காரர் பழக்கம். கடையில் பழைய டேப்ரிக்கார்டர் ஒன்றும், பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் இருந்தன. ஆம்ப்ளிஃபயரில் கனத்த சத்தத்துக்குப் பாஸ், கூர்மையான சத்தத்துக்கு ட்ரெபிள் என்று இரண்டு குமிழ்கள். இவை போக அவரே கண்டன்சர்களை வைத்துப் பற்றவைத்த தகரப் பெட்டி ஒன்றும் உண்டு. கண்டனூரின் நீளமான செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணத்துக்கு மைக் கட்டினால், முகப்பில் பேசியது கடைசிக் கட்டு வரை போய்த் திரும்பி வந்து கூவும். எந்தச் சுருதியில் கூவுகிறதோ அதை மட்டும் அமுக்குவதற்காகச் செய்த பெட்டி அது.

ரீல் சுற்றத் தொடங்கியதும் ஒரு உறுமல் கடையை நிறைத்தது.

"இது கரண்டு சத்தங்க. லைன்லயே உறுமுது" என்று சொல்லிக் கடைக்காரர் பாஸைக் குறைத்தார். உறுமல் தேய்ந்து அடங்கியது. மாமனாரின் குரல் கனம் இழந்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. மழை இல்லை என்றது. செவலைக் காளைக்குக் கால் சரியாகிவிட்டது என்றது.

"உங்க அய்யாவுக்கு எதுக்குங்க ரீலு? கொல்லையில நின்னு பேசுனாலே பினாங்குல விழுமே!" என்றார் கடைக்காரர்.

மாப்பிள்ளை சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

கடைசிப் பகுதி வந்தது. ஒரு பெண் பேசுகிறாள் என்பது தெரிந்தது, அதற்குமேல் தெரியவில்லை. வாய்க்குள் பேசும் மந்திரிகளின் உரையைக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று குறிப்பெடுத்தவன் நான். பென்சிலோடு காத்திருந்தேன். தாளில் எழுத ஒரு எழுத்தும் அகப்படவில்லை. கடைக்காரர் ரீலைப் பின்னுக்குச் சுற்றி ட்ரெபிளைக் கூட்டினார். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெறித்ததுபோல் ஓர் இரைச்சல் எழுந்தது. பிறகு தகரப் பெட்டியை இணைத்து, அதன் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். கூடத்தின் எதிரொலி குறைந்தது. ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிட்டது கேட்டது. யாரோ டம்ளரைத் தரையில் வைத்தது கேட்டது. தெருவில் ஒரு சைக்கிள் மணி. அன்று காலை அந்த வீட்டில் இருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் வரவில்லை.

"இவுக மைக்குக்கு ரொம்பத் தள்ளி நிக்கிறாக" என்றார் கடைக்காரர். "நான் இவுக குரலைக் கூட்டலைங்க. கூடத்தைத்தான் கூட்டிக்கிட்டிருக்கேன். ரீல்ல விழாததை நான் எங்குட்டுப் போயி எடுக்கிறது?"

இன்னும் ஒரு முறை போடச் சொன்னார் மாப்பிள்ளை. கடைக்காரர் பாஸை முழுவதும் இறக்கிவிட்டு, பெட்டியின் குமிழை வேறொரு இடத்தில் நிறுத்தினார். அப்போது அது கேட்டது. முனகலுக்கு நடுவே ஓர் இருமல். வறண்ட, குட்டையான இருமல். முனகல் தொடர்ந்தது; மறுபடி இருமல். இந்த முறை நீளமாக. அது முடிவதற்குள், மைக்குக்கு மிக அருகிலிருந்து, மாமியாரின் குரல் கிசுகிசுப்பாக, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது.

"இருமாத ஆத்தா. அவன் அங்குட்டுக் கெடந்து பயந்துருவான். போயித் தண்ணி குடி, போ."

பிறகு மாமனார், "முடிஞ்சுச்சா? நிறுத்துப்பா" என்றார். ரீல் ஓடி முடிந்தது.

எங்கள் பக்கத்தில் கடல் தாண்டி இருப்பவர்களுக்குக் கெட்ட செய்தி எழுதமாட்டார்கள். பெற்றவர் செத்த தகவல்கூடக் காரியம் எல்லாம் முடிந்த பிறகுதான் கப்பல் ஏறும். அந்த அம்மாளின் குரலில் அதட்டல் எதுவும் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையிடம் பேசுகிற குரல் அது. அதட்டியிருந்தால் எனக்குக் கோபப்பட ஓர் ஆளாவது கிடைத்திருக்கும்.

கடைக்காரருக்கு விவரம் எதுவும் தெரியாது. முகம் மலர, "கேட்டீகளா? தெளிவா விழுந்துச்சுல்ல?" என்றார்.

மாப்பிள்ளை ஆம்ப்ளிஃபயரின் பக்கம் குனிந்தார். பிறகு, "அந்த இருமலை மட்டும் எடுத்துற முடியுமாங்க?" என்று கேட்டார்.

கடைக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உறுமல் கீழ்ச் சுருதியில இருந்துச்சு, வெட்டிட்டேன். இருமலும் அவுக பேச்சும் ஒரே எடத்துல கெடக்குங்க. இதை வெட்டுனா அதுவும் போயிரும்."

சொன்னதோடு நில்லாமல் செய்தும் காட்டினார். ட்ரெபிளை இறக்க இறக்க இருமல் மழுங்கி, துணிக்குள் பொத்தியதுபோலாகி, மறைந்தது. கூடவே முனகலும் போயிற்று. மறுபடி ஏற்றினார்; இரண்டும் சேர்ந்து வந்தன. குமிழில் கையை வைத்தபடி, "எப்படி வைக்கட்டும்?" என்றார். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னது நான்தான்.

அன்று மாலையே இருவரும் ஒக்கூருக்குப் பஸ் ஏறினோம். வழியில் அவர் பேசியது ஒன்றே ஒன்று: "அப்பவே இருமியிருக்கா மச்சான்." பதிவான அந்தக் காலையிலேயே அவளைப் புறப்படச் செய்து மதுரைக்குக் கூட்டிப்போயிருந்தால் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவரும் அதையேதான் நினைத்திருப்பார்.

வீட்டில் எங்களை உட்காரவைத்து இலை போட்டார்கள். மாமியார் பரிமாறினார். மகன் இளைத்துப் போனதாக வருத்தப்பட்டார். ரீல் விஷயமாகக் கடைக்குப் போய்விட்டு வருவதாக நான் காலையிலேயே சொல்லியனுப்பியிருந்தேன்.

"என்னய்யா, கேட்டுச்சா?"

"கேக்கலை ஆத்தா. ஒரே இரைச்சலு."

"இதுக்குப் போயி எதுக்குக் கடைக்கு அலையிறீக? நான் பக்கத்துலதான இருந்தேன், என்னையக் கேட்டாச் சொல்லமாட்டேனா? 'நான் நல்லாருக்கேன், நீங்க ஒடம்பைப் பாத்துக்கங்க'ன்னா. அவ வேற என்னத்தய்யா சொல்லப்போறா?"

மூத்த மருமகள் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். மாப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்களும் கேட்டீகளா மதினி?"

அவள் மாமியாரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அயித்தை சொல்றதுதான்" என்றாள்.

என் தங்கை அந்த வார்த்தைகளையே சொல்லியிருக்கவும் கூடும். அப்படிச் சொல்லக்கூடியவள்தான். ஆனால் அதைக் காதால் கேட்டவர், தூரத்தில் இருக்கும் மகனிடம் எது போய்ச் சேரலாம், எது சேரக்கூடாது என்பதைத் தீர்மானித்தவரும்கூட. அவர் வாயிலிருந்து இனி எது வந்தாலும் எங்களால் நம்பவும் முடியாது. பொய் என்று தள்ளவும் முடியாது. கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை.

"இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவாய்யா?" என்றார் அந்த அம்மாள்.

மாப்பிள்ளை இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, போதும் என்றார்.