தமிழில் எழுதிய விண்ணப்பம்

தமிழில் எழுதிவிட்டால் புனேயில் ஒருவருக்கும் புரியாது என்று நம்பி, குடும்ப ரகசியத்தைக் கோயில் பெட்டியில் போட்டவள் நான். ஐம்பத்திரண்டு வயது, முதுகலைப் பட்டம், வீடு நிறையப் புத்தகம். இவ்வளவும் இருந்து, வாய்த்த புத்தி இதுதான்.

பதினெட்டு வருடத்தில் பழகிப்போன சௌகரியம் அது. வாகட் குடியிருப்பின் லிஃப்டில், எதிரே நிற்பவரின் சட்டையைப் பற்றி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் பேசலாம். எங்கள் ஊர் தூத்துக்குடியில் நடக்குமா? அங்கே புதன்கிழமை சகாய மாதா நவநாளுக்கு விண்ணப்பம் எழுதும்போதுகூட, என் அம்மா "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக" என்று மொட்டையாகத்தான் எழுதுவாள். கையெழுத்தை வைத்தே எந்தத் தெரு, எந்த வீடு என்று அதை வாசிக்கும் கோயில் உபதேசியார் சொல்லிவிடுவார்.

இங்கே நவநாள் ஆங்கிலத்தில். என் தமிழ்ச் சீட்டைப் பங்குச் சாமியார் மரியாதையாகப் பீடத்தில் வைத்துவிடுவார், வாசிக்கத் தெரியாது. எனக்கும் மாதாவுக்கும் நடுவே ஆள் கிடையாது. அந்தத் தைரியத்தில் நான்கு மாதமாக விரிவாகவே எழுதிவந்தேன். என் மகன் ஜெரோமுக்கு வேலை போய்விட்டது. அவன் சொல்லவில்லை. அவனுடைய நண்பனின் அம்மா காய்கறிக் கடையில் துக்கம் விசாரித்துத்தான் தெரிந்தது. அவன் தினமும் பையை மாட்டிக்கொண்டு ஹிஞ்சவடி ஆபீசுக்குப் போவதுபோல் கிளம்புவான். நானும் தெரியாததுபோல் டப்பா கட்டிக் கொடுப்பேன். கேட்டால் உடைந்துவிடுவானோ என்று பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது; அதைச் சீட்டில்கூட எழுதவில்லை. மாதாவும் பிள்ளையைப் பெற்றவள், அவளுக்குப் புரியும்.

போன புதன்கிழமை நல்ல மழை. பங்குச் சாமியார் ஊரில் இல்லை. அவருக்குப் பதிலாக வந்த சாமியார் எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தமிழ் எழுத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. மைக்கில் கணீரென்று வாசித்தார்: "தாயே, நான்கு மாதமாக என் மகன் வேலைக்குப் போவதுபோல் தினமும் போகிறான். நான் கட்டிக்கொடுக்கும் சோற்றை எங்கே உட்கார்ந்து தின்கிறான் என்றாவது எனக்குக் காட்டு." பிறகு ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்திலும் சொன்னார். முன்பின் தெரியாத முந்நூறு பேர் ஒரே குரலில், "லார்ட், ஹியர் அவர் ப்ரேயர்" என்றார்கள். தனியாகத் தூக்கிக்கொண்டிருந்த பாரத்துக்கு இத்தனை பேர் ஒரு கை கொடுத்ததுபோல் இருந்தது. வெட்கமும் ஆறுதலும் சேர்ந்து வந்ததில் அழுதுவிட்டேன். பக்கத்திலிருந்த மராட்டிப் பெண்மணி என் கையைத் தட்டி, "பாவம், எந்த அம்மாவோ!" என்றார் ஹிந்தியில். நானும் பாவம்தான் என்று தலையாட்டினேன்.

திரும்பினால் வாசலருகே ஜெரோம். என்னைக் கூட்டிப்போக வருபவன் கேட்டுக்கு வெளியேதான் நிற்பான். அன்று மழை அவனை உள்ளே தள்ளியிருக்கிறது. ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான்.

மழை விடும்வரை, முற்றத்தில் மாதா சிலை இருக்கும் கெபியின் கூரைக்கடியில் ஒதுங்கினோம். ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே, "பஸ் டிப்போ பக்கத்துல ஒரு கார்டன் இருக்கும்மா. அங்க பெஞ்ச்சுல உக்காந்து சாப்பிடுவேன்" என்றான்.

"மழை பெய்ஞ்சா?"

"மெட்ரோ ஸ்டேஷன்."

தமிழில் கேட்டதை மாதா ஆங்கில நவநாளில் கொடுத்திருக்கிறாள். இனி அவளுக்கு எந்த மொழியில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

ஸ்கூட்டரைக் கிளப்பியவன் திரும்பிப் பார்த்தான். "நாலு மாசமா தெரியுமாம்மா? அப்புறம் எதுக்கு தெனமும் ஆறு மணிக்குத் தண்ணி தெளிச்சு எழுப்புன?"