கதாநாயகி முகத்தில் சகாயமேரி மேடம்

சகாயமேரி மேடம் இன்று காலை இறந்துவிட்டார்... அவருடைய தம்பி போன் செய்து சொன்னார்.

போனை வைத்துவிட்டேன். அழ வேண்டிய நேரத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

மேடம் ஓவியர். 1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் டிராயிங் ஆபீஸ் வேலை. வாரம் முழுக்க மெஷின் பாகங்களை ஸ்கேல் வைத்து வரைவார். லீவு நாள் வந்தால் மொபெட்டில் கேன்வாஸைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

யாரை வரைய? பேண்டு வாசிக்கிறவர், கூத்துக்கு வேஷம் கட்டுகிறவர், டான்ஸ் மாஸ்டர்... எதையாவது புதிதாக உண்டாக்குகிற ஆட்களை. அதுவும் அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது மட்டும். போஸ் கொடுத்தால் பெயின்ட் பெட்டியை மூடிவிடுவார்.

நம்ம ஆட்களுக்கு இது எங்கே புரியும்! படம் என்றாலே ஸ்டுடியோதான். சர்ச் பேண்டில் கிளாரினெட் வாசித்த அந்தோணி அண்ணன் கோட் மாட்டி, பவுடர் அப்பி, கிளாரினெட்டை மடியில் படுக்கவைத்து, மூச்சு விடாமல் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, வாசிங்க."

"வாசிச்சா மூஞ்சி உப்பிக்கும்மா. படத்துல நல்லா இருக்காது."

"உப்புனாதான் எனக்கு வேணும்."

அன்று கல்யாணப் பாட்டு, சாவுப் பாட்டு, தெரிந்தது எல்லாம் வாசித்துத் தீர்த்தார். மறுநாள் அவரால் காபி கூட உறிஞ்ச முடியவில்லை. படத்தில் இரண்டு கன்னமும் பன்னு மாதிரி! அவர் மனைவி அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

சரி, என் கதைக்கு வருகிறேன்.

நான் அப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சினிமா பேனர் ஷெட்டில் இருந்தேன். எங்கள் தொழிலில் முகம் மாஸ்டருக்கு மட்டும்தான். துணி, எழுத்து, பின்னணி எல்லாம் மற்றவர்களுக்கு. முகம் கைக்கு வந்தால்தான் நீ ஆர்ட்டிஸ்ட்.

அந்த வாரம் கன்னியப்பன் மாஸ்டர் ஹீரோயின் ஸ்டில்லை என் கையில் கொடுத்தார். முதல் தடவை!

"முகம் நீ போடுடா பாபு. சொதப்புன, ஜென்மத்துக்கும் லெட்டர் எழுதுற வேலைதான்."

சொல்லிவிட்டு ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கென்று மேடம் வந்து என் எதிரில் கேன்வாஸை நிறுத்தினார்.

"என்னைப் பார்க்காத. உன் வேலையைப் பாரு."

பார்க்காதே என்றால் பார்க்கத் தோன்றுமா, தோன்றாதா? ஸ்டில்லை ஒரு தரம், மேடத்தை இரண்டு தரம்... கை அது பாட்டுக்குப் போட்டுக்கொண்டே போனது. ஆள் உயரத்துக்கு ஒரு முகம். கிட்டே நின்றால் வெறும் கலர்தான் தெரியும். அந்தக் குறுகல் ஷெட்டில் தள்ளி நின்று பார்க்க இடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை தியேட்டர் வாசலில் பேனரை ஏற்றினார்கள்.

டீக்கடையிலிருந்து ஒரு குரல்: "டேய், இன்னாடா இது... டிராயிங் ஆபீஸ் மேடம் ஹீரோயின் ஆயிட்டாங்களா?"

நிமிர்ந்தேன். ஐயோ! ஹீரோயின் தாவணி, ஹீரோயின் ஜிமிக்கி... நடுவில் அச்சு அசலாகச் சகாயமேரி மேடம்! மூக்குக் கண்ணாடி மட்டும்தான் பாக்கி.

தியேட்டர் முதலாளி குதித்தார். மாஸ்டர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சாரத்தில் கால் வைத்தார். அவர் ஏறினால் என் கதை முடிந்தது.

கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த மேடம் கூட்டத்தைப் பார்த்து மொபெட்டை நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், ஸ்டாண்டு போடாத மொபெட் கீழே சாய்ந்தது.

"மாஸ்டர், அவன் போட்டத அவனே மாத்தட்டும். எது என்னுதுன்னு எனக்குத்தானே தெரியும்? நான் சொல்றேன்."

மாஸ்டர் என்னை முறைத்தார். "மேட்னிக்குள்ள முடிக்கல, உனக்கு லெட்டர்தான்டா. ஏறு!"

ஏறினேன். மேடம் அன்றைக்கு அரை நாள் லீவு. ரோட்டில் நின்று ஸ்டில்லைத் தன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார்.

"புருவம் என்னுது, எடு! மூக்கும் என்னுதுதான், அழி!"

பஸ்ஸுக்கு நின்ற கூட்டமே சேர்ந்துகொண்டது. "வாய் இன்னும் மேடமாவே கீது, பாபு!" "கண்ணு வந்துட்ச்சி, வுட்டுரு, கை வெக்காத!"

மேட்னிக்கு மணி அடித்தபோது மேலே ஹீரோயினே இருந்தார்! மாஸ்டர் பாராட்டவெல்லாம் இல்லை. அடுத்த படத்து வில்லன் ஸ்டில்லை எடுத்து என் பக்கம் தள்ளினார், அவ்வளவுதான். நடுரோட்டில் மேடம் கை தட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிற்பாடு சென்னையில் அவருடைய கண்காட்சி. சுவர் முழுக்க எங்கள் ஆட்கள். எல்லாரும் தங்கள் வேலையில் மூழ்கி இருக்கிறார்கள். நான் மட்டும் பிரஷ்ஷைப் பிடித்தபடி கழுத்தைத் திருப்பி நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"இன்னா மேடம், இப்படிக் காட்டிக் குடுத்துட்டீங்களே!"

"பார்த்ததத்தானேடா வரைவேன்?"

இன்று அவர் தம்பி போனில் இன்னொன்றும் கேட்டார். வாசலில் வைக்க அக்காவுடைய நல்ல போட்டோ ஒன்று கூட இல்லையாம். எதை எடுத்தாலும் கேன்வாஸுக்குப் பின்னால் தலைமுடிதான் தெரிகிறதாம். "நீங்க வரைஞ்சு தர முடியுமா பாபு? ஆதார் கார்டு போட்டோ அனுப்பட்டுமா?"

போட்டோ வேண்டாம் சார் என்றேன்.

போர்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன். சாயங்காலம் அடக்கம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லத்தில். ஆயில் பெயின்ட் அதற்குள் காயாது. ஈரத்தோடுதான் தூக்கிக்கொண்டு வருவேன், வருகிறவர்கள் அவசரப்பட்டு மாலையைப் படத்தின் மேல் போட்டுவிடாதீர்கள்.

போய் வாருங்கள் மேடம்... அன்று அழித்த மூக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.