உறை பிரிக்காத கரடி பொம்மைகள்

இதை எழுத எனக்கு வருஷக்கணக்காகத் தயக்கம். பிள்ளை வரம் கேட்டு எந்த ஊர்க் கோயிலுக்குப் போனாலும், திரும்பும்போது ஒரு கரடி பொம்மை வாங்கி வருவேன். பிறக்கப்போகும் பிள்ளைதான் பிரிக்க வேண்டும் என்று பிளாஸ்டிக் உறையோடு பீரோ மேல் அடுக்கி வைப்பேன்.

ஒருமுறை திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டு, வழக்கம்போல ஒரு பொம்மையும் வாங்கிக்கொண்டு மதுரை பஸ்ஸில் வந்தேன். பக்கத்தில் ஒரு தாயும் சிறு மகளும். கொஞ்சம் கண்ணயர்ந்து விழித்தால், அந்தச் சிறுமி உறையைக் கிழித்து, பொம்மையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறாள். தாய் நல்ல தூக்கம். எனக்கு வரமே கைவிட்டுப் போன மாதிரி இருந்தது. பிடுங்கவும் மனசில்லை, விடவும் மனசில்லை. "முருகா, முருகா" என்றே வந்தேன்.

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் விழித்த தாய் பதறிவிட்டாள். "அய்யோ, மன்னிச்சிருங்கக்கா! ஏண்டி, அத்தைகிட்ட குடுடி!"

சிறுமி பொம்மையை என் தோளில் சாய்த்தாள். "சத்தம் போடாதீங்க அத்தை. இம்புட்டு நேரம் அழுதுட்டு இப்பத்தான் தூங்குறான்."

வண்டியூரில் இருக்கும் என் வீடு வரை அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நடந்தேன். வீட்டுக்கு வந்ததும் எல்லா உறைகளையும் பிரித்தேன். இப்போது தெருப்பிள்ளைகள் அவற்றைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் கடைசியில் எனக்குப் பிள்ளை பிறந்ததாகச் சேர்த்துவிடாதீர்கள். நடந்தபடியே சொல்லுங்கள்.