ஆமெனுக்குப் பிறகும் முழங்காலில்

ஆமென் சொல்லி நாங்கள் எழுந்த பிறகும் என் மகள் ஜெனி முழங்காலிலேயே இருப்பாளே, அந்த நேரத்தில் அவள் ஆண்டவரிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தாள்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

1998, மழைக்காலம். பெங்களூர் மர்பி டவுனில் குடியிருந்தோம். ஜெனிக்கு ஆறு வயது. அடிக்கடி காய்ச்சல், எப்போதும் சோர்வு. பள்ளி விட்டதும் மருத்துவரிடம் கூட்டிப்போவேன். அங்கே நேராக நடப்பாள். வளரும் பிள்ளை, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ? வீட்டுக்கு வந்தால் மறுபடியும் பயம். "ஆண்டவரே, எனக்கு மறைந்திருப்பதைக் காட்டும்" என்று அழுது ஜெபித்தேன்.

காலைக் குடும்ப ஜெபத்துக்கு அடுத்த வீட்டு ரோசி ஆன்ட்டியும் வருவார். ஜெனிதான் கடைசியாக எழுவாள்.

"பாரு, பெரியவங்க நாமளே எழுந்து ஓடுறோம். இவளுக்கு மட்டும் ஏசப்பாவ விட்டு வர மனசில்ல" என்பார் ஆன்ட்டி.

"உங்க பங்கையும் சேத்து முடிக்கிறா ஆன்ட்டி" என்று என் கணவர் சிரிப்பார். எனக்கும் பெருமையாக இருந்தது.

ஒரு நாள் இட்லி ஆறுகிறதே என்று அவளைக் கூப்பிடப் போனேன்.

"நீ போம்மா, நான் வரேன்."

ஏனோ போகாமல் கதவருகே நின்றேன். அவள் கட்டில் விளிம்பைப் பிடித்தாள். பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு காலைக் கையால் இழுத்து முன்னே வைத்தாள். எழ முடியாமல் மறுபடியும் சரிந்தாள். அழவில்லை. அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

ஓடிப்போய்த் தூக்கினேன். "ஏண்டி கண்ணு சொல்லல?"

"நான் நல்லா ஜெபம் பண்றேன்னு எல்லாரும் சொன்னீங்களே."

அந்தக் காலையிலேயே வேறொரு குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் தொட்டுக் காட்டிய பிறகே முழங்கால் வீக்கம் எனக்குத் தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்றார். இன்னும் தாமதித்திருந்தால் கால்கள் மடங்கியபடியே நின்றுவிட்டிருக்குமாம்.

"நோடிம்மா, இங்க பாருங்க, இது காலைல இறுகும், மத்தியானம் விட்டுடும். சாயங்காலம் கூட்டி வந்தா டாக்டருக்கு என்ன தெரியும்? வீட்ல நீங்கதான் பாக்கணும். எப்படி எழுந்திருக்கா, எப்படிப் பட்டன் போடுறா, எப்படிப் படி இறங்குறா, எல்லாம்."

பார்த்தேன். அதுவே என் வேலையானது. ஒரு காலை, படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். உடனே போய்ச் சொன்னேன். மருந்தை மாற்றினார். அடுத்த ஈஸ்டருக்குள் கால்கள் நேராயின.

நோய் போய்விடவில்லை. மருந்து தொடர்கிறது. ஆனால் என் மகள் நடக்கிறாள். கேட்டதை ஆண்டவர் என் வீட்டிலேயே, ஜெபித்த இடத்திலேயே காட்டினார். அவருக்கு ஸ்தோத்திரம். இப்போது ஜெனிக்கு எட்டு வயது. நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிக்கிறாள். அதையும் அவர் கேட்கிறார். நீங்களும் நம்பிக் கேளுங்கள், காட்டுவார்.

ஒன்றுதான் என்னை வாட்டுகிறது. நான் பார்ப்பது தெரிந்தால் அவள் வலியை மறைத்து நேராக நடக்கிறாள். என் முகம் வாடுவது அவளுக்குத் தாங்கவில்லையாம். பார்க்காமலிருக்க எனக்குத் துணிவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களே, பிள்ளைக்குத் தெரியாமல் எப்படிப் பார்க்கிறீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.